பித்தளையும் காக்கியும்

கோட்டு வேண்டாம் என்று முதலில் சொன்னவர் கேளம்பாக்கத்துத் தையல்காரர்தான். கம்பளித் துணி, முழங்காலைத் தொடும் பின்வால், இரட்டை வரிசைப் பித்தளைப் பொத்தான். சிறுசேரியிலிருந்து ஒரு பெண் கொண்டுபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாடகத்துக்காம்மா?” என்று கேட்டார்.

“நாடகமில்ல பாய். ஒரு விழா. எல்லாரும் வேஷம் போட்டுட்டு வருவாங்க.”

“ஏசி ஹாலா?”

“உள்ள ஏசி. வெளிய வரிசையில நிக்கணும்.”

படத்தை மடித்துக் கையில் கொடுத்தார் பாய். “வரிசையிலயே மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க. காட்டன்ல காக்கிச் சட்டை தைக்கிறேன். பாக்கெட்டு எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க.”

சிறுசேரி சிப்காட் வளாகத்தில் மென்பொருளில் பிழை தேடுவது அந்தப் பெண்ணுக்கு வேலை. மிச்ச நேரத்தில் ஸ்டீம்பங்க். மின்சாரமும் பெட்ரோலும் உலகை ஆளாமல், நீராவியே ஆண்டுகொண்டிருந்தால் இன்றைய வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனையை உடையாகவும் கருவியாகவும் செய்து உடுத்திக்கொண்டு திரிகிற ஆர்வம் அது. பல்சக்கரம், பித்தளைக் குழாய், அழுத்தமானி, தோல் வார், நெற்றியில் ஏற்றிவிட்ட வட்டக் கண்ணாடி. பெயரை வைத்தவர் கே. டபிள்யூ. ஜெட்டர் என்ற அமெரிக்க நாவலாசிரியர். தானும் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் எழுதிய விக்டோரியா காலத்து விசித்திரக் கதைகளை எந்த வகையில் சேர்ப்பது என்று யோசித்து, 1987இல் ‘லோகஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் பாதி கேலியாக அந்தச் சொல்லை முன்வைத்தார். கேலி போய்விட்டது, சொல் தங்கிவிட்டது.

சிறுசேரிப் பெண்ணுக்கு இந்தக் காய்ச்சல் தொற்றிய இடம் இங்கிலாந்து. வேலைக்காக ஆன்சைட் அனுப்பியிருந்த சமயம், ஆகஸ்ட் மாதத்து நீண்ட வாரக்கடைசி ஒன்றில், ஊர் பார்க்கலாமே என்று லிங்கன் நகரத்துக்கு ரயில் ஏறினார். தேவாலயமும் கோட்டையும் பார்ப்பதுதான் திட்டம். 2009 முதல் அங்கே ‘அசைலம்’ என்ற ஸ்டீம்பங்க் விழா நடக்கிறது என்பது இறங்கிய பிறகுதான் தெரியும். ‘ஸ்டீப் ஹில்’ என்று பெயருக்கேற்ற செங்குத்தான தெருவில், முதுகில் இறக்கை கட்டிய ஒரு கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கழுத்தில் திசைகாட்டி தொங்கவிட்ட ஒரு குடும்பம், தள்ளுவண்டிக் குழந்தைக்கும் கண்ணாடி மாட்டிவிட்டு. முதல் உலகப் போரின் டாங்கி வண்டியை உருவாக்கிய பட்டறை இருந்த ஊர் லிங்கன். இரும்பும் எண்ணெயும் அங்கே வெறும் அலங்காரமல்ல.

விழாவில் அவரை அசத்தியது உடைகூட இல்லை, தேநீர்ச் சண்டை. இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். சூடான தேநீரில் பிஸ்கட்டை ஐந்து எண்ணும் வரை முக்கி எடுக்க வேண்டும். பிறகு பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். யாருடையது கடைசி வரை உடையாமல், சிந்தாமல் வாய்க்குள் போகிறதோ அவருக்கு வெற்றி. நடுவர், நிபந்தனைகள், கைதட்டல் எல்லாம் உண்டு. டீக்கடை பெஞ்சில் பொறையையும் வர்க்கியையும் முக்கியே வளர்ந்த நம் ஆட்கள் ஒரு அணி அனுப்பினால் கோப்பை இங்கே வந்துவிடும் என்று அவர் இன்றும் தீவிரமாக நம்புகிறார். மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு விஷயம் உறுத்தியது. வந்தவர்களில் கணிசமானவர்கள் படைத்தளபதி, ஆராய்ச்சிப் பயணி, வேட்டைக்காரத் துரை. சோலா தொப்பியும் காக்கி அரைக்கால்சட்டையும் மீசையும் ஏராளம். எல்லாம் விளையாட்டு, யார் மனதிலும் விஷமில்லை. இருந்தாலும் அந்தச் சோலா தொப்பிக்குக் கீழே தன்னை வைத்துப் பார்க்க அவருக்கு வரவில்லை. ஒரு மூதாட்டி பிரியமாகக் கேட்டார், அடுத்த முறை என்ன வேடம் போடப் போகிறாய், மகாராணியா என்று. துரை இல்லையென்றால் மகாராணி. நடுவில் வேறு ஆளே இல்லையா? வியட்நாமிய வம்சாவளி அமெரிக்கரான டயானா ஃபோ போன்றவர்கள் இதே கேள்வியைக் கிளப்பியிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு என்றால் விக்டோரியா மட்டும்தானா என்று.

விடை ஜூல் வெர்னிடமே கிடைத்தது. ஸ்டீம்பங்க் ரசிகர்கள் குலதெய்வம்போலக் கொண்டாடும் கேப்டன் நீமோ ஒரு இந்தியர். நீர்மூழ்கியில் திரியும் அந்த மர்ம மனிதரைப் பற்றி முதல் நாவலில் வெர்ன் வாய் திறக்கவில்லை. 1875இல் முடிந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான், அவர் புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார், திப்பு சுல்தானின் மருமகன் முறை, 1857 எழுச்சியில் எல்லாவற்றையும் இழந்தவர் என்று சொல்கிறார். திப்புவின் குடும்பத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் உள்ள உறவை வெர்ன் சும்மா பிடிக்கவில்லை. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில், ஹைதர் அலி, திப்பு படைகளின் ராக்கெட்டுகளுக்கு முன்னால் கம்பெனிப் படை சிதறியது. மைசூர் ராக்கெட்டைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்கள் தங்கள் காங்க்ரீவ் ராக்கெட்டைச் செய்துகொண்டார்கள்.

1880இல் வெர்ன் இன்னொரு நாவல் எழுதினார். நீராவியால் நடக்கும் இரும்பு யானை, பின்னால் இரண்டு சக்கர பங்களாக்களை இழுத்துக்கொண்டு வட இந்தியா முழுக்கச் சுற்றுகிறது. வெர்ன் பிறந்த நாந்த் நகரத்தில் 2007 முதல் 12 மீட்டர் உயர இயந்திர யானை ஒன்று முதுகில் பயணிகளை ஏற்றிக்கொண்டு நடக்கிறது. அங்கே போகிறவர்கள் அதைப் பிரெஞ்சு அதிசயம் என்றுதான் பார்க்கிறார்கள். வெர்னின் யானை நடந்தது நம் ரோட்டில்.

சென்னை திரும்பிய பிறகு, இந்த ஆர்வத்துக்கு ஊரில் தோதான இடமே இல்லாமல் சில காலம் போனது. இந்தியாவில் காமிக் கான் 2011இல் தில்லியில் தொடங்கியது. பெங்களூர், ஹைதராபாத் என்று போய்க்கொண்டிருந்ததே தவிர இங்கே வரவில்லை. கடைசியாக 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. பாய் தைத்த காக்கிச் சட்டை அதற்காகத்தான். பிப்ரவரி என்பது பெரிய கருணை. அதையே மே மாதம் வைத்திருந்தால் கவச வேடம் போட்டவர்களை ஸ்ட்ரெச்சரில்தான் அள்ளியிருக்க வேண்டும்.

உள்ளே கூட்டம் பெரும்பாலும் நருட்டோ, லூஃபி, ஸ்பைடர்மேன். ஸ்டீம்பங்க் என்று தேடினால் அங்கொன்று இங்கொன்று. அதிலும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வெர்ன் யாரென்றே தெரியாது. அவர்கள் ‘ஆர்கேன்’ தொடர் வழியாகவும் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ வழியாகவும் மியாசாகியின் பறக்கும் கோட்டைகள் வழியாகவும் வந்தவர்கள். நீல ஜடையைத் தரை வரை தொங்கவிட்ட ஜின்க்ஸ் வேடக்காரி ஒருத்தி, “அக்கா, உங்க கேரக்டர் எந்த கேம்?” என்று கேட்டாள். எந்த கேமும் இல்லை, மெட்ராஸ் என்றார் இவர். அவளுக்கு அது ஏதோ புதிய இண்டி கேம் என்று பட்டிருக்க வேண்டும், மொபைலில் தேட ஆரம்பித்தாள்.

அன்று அவரோடு வந்த சக ஊழியர் போட்டிருந்த வேடம் இதைவிடத் தந்திரமானது. சாதாரண முழுக்கைச் சட்டை, வலது கையில் மட்டும் அலுமினிய நிறம் பூசிய ஃபோம் கை. இளைஞர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்த அப்பாக்கள் பார்த்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், தன் மகனின் கையை விட்டுவிட்டு ஓடி வந்து, “இரும்புக்கை மாயாவி!” என்று கத்தினார். 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் பிறந்த பாத்திரம் அது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே மாயாவிதான். கை மட்டும் மிதந்து வந்து வில்லனின் கழுத்தைப் பிடிக்கும் அந்தப் படத்தைப் பார்த்து இரவு விளக்கணைக்கப் பயந்த தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. ஸ்டீம்பங்க் என்ற சொல்லுக்குப் பதினைந்து ஆண்டு முன்பே அதன் உருவம் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

வேடத்துக்கான சாமான் வேட்டை தனிக் கதை. வெளிநாட்டில் இந்த விழாக்களுக்கென்றே பல்சக்கர மாலையும் பித்தளைக் கண்ணாடியும் கடையில் விற்கிறார்கள். வாங்கி மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இங்கே தேட வேண்டும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் மீட்டர்கள். ரிச்சி தெருவில் சின்ன மோட்டாரும் எல்.இ.டி.யும். எல்லாவற்றுக்கும் மேல் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. ஆட்டுக்குட்டி, ஆர்க்கிட் செடி, ஓடாத சுவர்க்கடிகாரம், ஒற்றைச் செருப்பு என்று எதுவும் கிடைக்கும் அந்தச் சந்தையில் அவர் பேரம் பேசி வாங்கிய பெரிய பொருள் ஒரு பித்தளைப் பம்ப் ஸ்டவ். விற்றவருக்கு இவர் அதில் சமைக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் விலையைக் கூட்டினார். ஷோவுக்கு வாங்குகிறவர்களிடம் அப்படித்தானே கேட்க வேண்டும்?

பம்ப் ஸ்டவ்வைவிடப் பொருத்தமான ஸ்டீம்பங்க் பொருள் உலகில் கிடையாது என்பது அவர் கட்சி. உருண்டையான பித்தளைத் தொட்டி, அழுத்தம் ஏற்றும் கைப்பம்ப், காற்றை இறக்கும் திருகு, அடைத்தால் குத்தி எடுக்க ஒரு பின். ஒரு சிறிய இயந்திரத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் வேலையும் இருக்கிறது. மேலைநாட்டு உடைகளில் ஒட்டி வைக்கும் பல்சக்கரங்கள் எதையும் சுழற்றுவதில்லை என்பது இந்த வட்டாரத்திலேயே பழைய கேலி. நம்மூர் வெந்நீர் பாய்லரும் டீக்கடை பாய்லரும் பெட்ரோமாக்ஸும் அப்படியல்ல. மேன்டிலைப் பற்றிக் கவுண்டமணி எடுத்த பாடத்தை மறந்த தமிழர் உண்டா?

அந்த ஸ்டவ் தொட்டியைத்தான் முதுகுப்பையில் கொதிகலனாகக் கட்டினார். நந்தம்பாக்கத்தில் உபகரணச் சோதனை மேசையில் இருந்த காவலர் அதை மோந்து பார்த்தார். மண்ணெண்ணெய் வாடை போக ஒரு வாரம் எலுமிச்சையும் புளியும் போட்டுத் தேய்த்ததன் பலன், உள்ளே விட்டார்.

சரி, காக்கிச் சட்டை போட்டு, முதுகில் தொட்டி கட்டிய இந்தப் பாத்திரம் யார்? துரையுமல்ல, மகாராணியுமல்ல. அதற்கான பதில், சிறுசேரியிலிருந்து நந்தம்பாக்கம் போகும் வழியிலேயே கிடந்தது. ஓ.எம்.ஆரில் சோழிங்கநல்லூர் வந்து இடப்பக்கம் திரும்பினால் பெரும்பாக்கம், மேடவாக்கம், கீழ்க்கட்டளை, பிறகு பரங்கிமலை. பெரும்பாக்கம் என்றால் இன்று வாரியக் குடியிருப்பு அடுக்குகளும் பெரிய ஆஸ்பத்திரியும் நினைவுக்கு வரும். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் தொடங்கி ஏழரை மைல் நீளத்துக்கு நேர்கோடாக அளந்த கோடு முடிந்த இடம் இந்தப் பெரும்பாக்கத்துக் குன்றுதான். இமயம் வரை போய் எவரெஸ்டின் உயரத்தைக் கண்டுபிடித்த பெரிய முக்கோண அளவை அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பியது.

அளந்த கருவி நூறு அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்கு ஆங்கிலேயத் தூதுக்குழு கொண்டுபோய், அவர் வேண்டாமென்றதால் கல்கத்தாவில் விலைக்கு வந்தது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்து, முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து, எடுத்து, நகர்த்தி, மறுபடி கிடத்தி, ஏறத்தாழ நானூறு முறை. சித்திரை வெயிலில், கம்பங்கொல்லைகளுக்கும் ஏரிக்கரைகளுக்கும் குறுக்கே. லாம்டனின் அரை டன் எடையுள்ள தியோடலைட்டோ இதற்கெல்லாம் மேல். லண்டனிலிருந்து வந்தபோது கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் கூடாரத்தில் உட்கார்ந்து சுத்தியல் தட்டி நேராக்கினார்.

லாம்டனுக்குப் பரங்கிமலையில் மார்பளவுச் சிலை இருக்கிறது. சங்கிலியைத் தூக்கியவர்களுக்கு இல்லை. சிறுசேரிக்காரர் வேடம் போட்டது அவர்களில் ஒருத்தியாக. இடுப்பில் சங்கிலிச் சுருள், தலையில் பெரிய முண்டாசு, முதுகில் தொட்டி, நெற்றியில் வெல்டிங் கண்ணாடி. 1802இல் பெண்கள் அளவைக் குழுவில் சங்கிலி பிடித்தார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். 1802இல் முதுகில் நீராவித் தொட்டி மட்டும் இருந்ததா என்று கேட்டு வாயை அடைத்தார்.

ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டால் இந்தப் பக்கத்து மண்ணில் நீராவி எங்கும் தென்படுகிறது. மவுண்ட் ரோடு சிம்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவியில் ஓடும் காரைச் செய்து மெட்ராஸ் தெருவில் ஓட்டினார், அடுத்து 1905இல் நீராவிப் பேருந்து. குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த அதே பட்டறைதான், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கமோ டி ஆஞ்சலிஸுக்கு விமானமும் கட்டிக் கொடுத்தது. 1909இல் பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியைப் படித்துவிட்டு இவரே வரைந்த விமானம். பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்து, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் டிக்கெட் போட்டுப் பறந்து காட்டினார். ஓட்டல்காரர் விமானம் வரைவதும் குதிரைவண்டித் தச்சர்கள் அதற்கு இறக்கை கட்டுவதும் பல்லாவரத்து வெட்டவெளியில் அது எழும்புவதும், ஸ்டீம்பங்க் நாவலாசிரியர் யாராவது எழுதியிருந்தால் கொஞ்சம் அதிகம் என்றுதான் சொல்லியிருப்போம். இந்தப் பக்கம் தாம்பரமோ அவசரக்காரர். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. நீராவிக்கு ஏங்குகிறவர்கள் வடக்கே பெரம்பூருக்குத்தான் போக வேண்டும். 1855இல் லீட்ஸில் செய்த ‘எக்ஸ்பிரஸ்’ என்ற ஈ.ஐ.ஆர். 21 என்ஜின், நூறு ஆண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றுவிட்டு, 2010இல் பெரம்பூர் லோகோ பட்டறையில் மறுபடி உயிர் பெற்றது. எழும்பூர்–கோடம்பாக்கம் இடையே அது ஓடிய நாட்களில் நடைமேடையில் வேடத்தோடு நின்ற சிலரில் இவரும் உண்டு. அவர்களைவிட என்ஜினுக்குத்தான் செல்ஃபி கூட்டம். அதுவே நியாயம்.

கம்பளிக் கோட்டு ஆசை தீர்ந்தது குன்னூரில். நண்பர்கள் ஏழெட்டுப் பேர் வேடத்தோடு மேட்டுப்பாளையத்தில் காலை மலை ரயிலைப் பிடித்தார்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்லுச் சட்டம் தொடங்குகிறது. என்ஜினுக்குக் கீழே பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, 1899இல் குன்னூர் வரை திறந்த அதே பாதையில், பன்னிரண்டடிக்கு ஓரடி வீதம் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒட்டி வைத்த சக்கரமில்லை. அது கழன்றால் எல்லாரும் கல்லாற்றில். மேலே ஏற ஏறக் கோட்டு போட்டவர்கள் முகத்தில் முதல்முறையாக நிம்மதி. பெட்டிக்குப் பெட்டி முன்புறத் திண்ணையில் பிரேக்ஸ்மேன் நின்று, பச்சைக்கொடி அசைத்துக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றுகிறார். காக்கி உடை, கழுத்தில் துண்டு. இவர் பாயிடம் தைத்துக்கொண்ட சட்டைக்கும் அதற்கும் பாக்கெட் எண்ணிக்கைதான் வித்தியாசம்.

தண்ணீர் பிடிக்க என்ஜின் நின்ற இடத்தில் பிரேக்ஸ்மேன் இறங்கி வந்தார். கோட்டு, தொப்பி எதையும் பார்க்கவில்லை. நேரே இவருடைய நெற்றியைப் பார்த்தார்.

“இது வெல்டிங் கண்ணாடிதானே மேடம்?”

“ஆமாண்ணே.”

“குகைக்குள்ள போறப்ப புகையில கண்ணு எரிஞ்சு போகுது. சாதாரணக் கண்ணாடி சரிப்பட்டு வரல, ஓரத்துல உள்ள வந்துடுது.” கழற்றி வாங்கிப் போட்டுப் பார்த்தார். ரப்பர் விளிம்பைக் கன்னத்தோடு அழுத்திச் சரிபார்த்தார். “ஆனா கறுப்புக் கண்ணாடி, குகையில ஒண்ணுந் தெரியாது. வெள்ளையில கிடைக்குமா?”

பல்லாவரம் சந்தையில் கிடைக்கும், அறுபது எழுபது ரூபாய் சொல்வார்கள், பேசினால் குறையும் என்றார் இவர்.

“சந்தை என்னைக்கு?”

“வெள்ளிக்கிழமை.”

“வெள்ளிக்கிழமை எனக்கு டூட்டியாச்சே” என்றார் அவர், கொடியை எடுத்துக்கொண்டே. “நீங்க போனா நாலு வாங்கி அனுப்புங்க. மத்தவங்களும் கேப்பாங்க.”